இஸ்லாமிய நிதி நிறுவனங்களின் நிதி அறிக்கையும் செயல்திறனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்லாமிய வங்கியில் பணம் போட்டிருப்பவர்கள், அத்தகைய வங்கியின் பங்குகளையோ சுகூக் பத்திரங்களையோ (ஒரு சொத்தில் உள்ள உரிமைப் பங்கைக் குறிக்கும் முதலீட்டுப் பத்திரங்கள்) வாங்க எண்ணுபவர்கள், கணக்கியல் படிக்கும் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. அரபுக் கலைச்சொற்களுக்கு அவை முதலில் வரும் இடத்திலேயே பொருள் தரப்பட்டிருக்கிறது. கணக்குகளில் வரும் தொகைகள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. எந்த நாணயத்தில் வைத்துப் பார்த்தாலும் அவை பொருந்தும்.

வரவு வரவுதான், செலவு செலவுதான். இஸ்லாமிய வங்கிக்கு மட்டும் ஏன் தனி விதமான நிதி அறிக்கை?

பணம் உள்ளே வரும் ஒப்பந்தம் வேறு என்பதால்தான். வழக்கமான வங்கியில் பணம் போடுபவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். வங்கி லாபம் ஈட்டினாலும் நட்டப்பட்டாலும் அவருக்கு அசலும் வட்டியும் வந்தாக வேண்டும். இஸ்லாமிய வங்கியின் முதலீட்டுக் கணக்கு பெரும்பாலும் முதாரபா என்னும் ஒப்பந்தத்தின் கீழ் திறக்கப்படுகிறது. முதாரபாவில் ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைப்பையும் திறமையையும் போடுகிறார். லாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். நட்டம் வந்தால், அது நிர்வகிப்பவரின் கவனக்குறைவாலோ முறைகேட்டாலோ ஒப்பந்த மீறலாலோ வராத வரை, முதல் போட்டவரையே சேர்கிறது.

இதன் விளைவை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். முதலீட்டுக் கணக்குதாரர் கடன் கொடுத்தவர் அல்லர் என்பதால் அவருடைய அசலுக்கு உத்தரவாதம் இல்லை. அவர் பங்குதாரரும் அல்லர் என்பதால் பொதுக்குழுவில் அவருக்கு வாக்கு இல்லை. இயக்குநர்களை மாற்றவும் முடியாது. கடன் கொடுத்தவருக்குச் சட்டம் துணை, பங்குதாரருக்கு வாக்கு துணை. இந்த மூன்றாமவருக்குத் தன் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறும் வழியும், அந்த முடிவை எடுப்பதற்கு வேண்டிய அறிக்கையும்தான் துணை. கீழே வரும் விடைகள் அனைத்தும் இந்த மூன்றாமவரின் பக்கம் நின்றே எழுதப்பட்டவை.

இந்த அறிக்கைகளுக்கான விதிகளை வகுப்பது யார்?

இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் மற்றும் தணிக்கை அமைப்பு, சுருக்கமாக அயோஃபி, 1990-இல் அல்ஜியர்ஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் உருவாகி, 1991-இல் பஹ்ரைனில் பதிவு செய்யப்பட்டது. கணக்கியல், தணிக்கை, நிர்வாகம், நெறிமுறை, ஷரீஆ (இஸ்லாமியச் சட்டநெறி) ஆகிய துறைகளில் அது தரநிலைகளை வெளியிடுகிறது. மூலதனப் போதுமை, இடர் மேலாண்மை போன்ற மேற்பார்வை விதிகளுக்கு வழிகாட்டுவது கோலாலம்பூரில் உள்ள இஸ்லாமிய நிதிச் சேவைகள் வாரியம். அது 2002-இல் தொடங்கிவைக்கப்பட்டு 2003-இல் பணியாற்றத் தொடங்கியது.

எல்லா நாடுகளும் அயோஃபியைப் பின்பற்றுவதில்லை. பஹ்ரைன் அதைக் கட்டாயமாக்கியுள்ளது. மலேசியாவும் சவூதி அரேபியாவும் சர்வதேச நிதி அறிக்கையிடல் தரநிலைகளின் வழியில் செல்கின்றன. இந்தோனேசியா ஷரீஆ பரிவர்த்தனைகளுக்கெனத் தன் சொந்தத் தரநிலைகளை வைத்திருக்கிறது. எனவே இரண்டு நாடுகளின் இஸ்லாமிய வங்கிகளை ஒப்பிட உட்காரும்போது, எண்களைப் பார்ப்பதற்கு முன் “அறிக்கை தயாரிக்கப்பட்ட அடிப்படை” என்ற குறிப்பைப் படித்துவிட வேண்டும். இதைத் தவறவிட்ட ஒப்பீடு பிறகு எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டாலும் பயனற்றது.

முராபஹா விற்பனையில் வரும் லாபம் எப்படிக் கணக்கில் ஏறுகிறது? அது வட்டியைப் போலவே தோன்றுகிறதே?

முராபஹா என்பது அடக்க விலையையும் அதன்மேல் வைக்கும் லாபத்தையும் வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லி விற்கும் விற்பனை. ஒரு வங்கி 10,00,000-க்கு ஓர் இயந்திரத்தை வாங்கித் தன் உடைமையாக்கிக்கொண்டு, வாடிக்கையாளருக்கு 11,28,000-க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் மாதம் 47,000 வீதம் 24 தவணைகளில் செலுத்துகிறார். விற்ற நாளில் வங்கியின் ஏட்டில் வரவேண்டிய தொகை 11,28,000. அதிலிருந்து ஒத்திவைக்கப்பட்ட லாபம் 1,28,000 கழிக்கப்பட்டு, நிகரமாக 10,00,000 நிற்கிறது. அந்த 1,28,000 ஒரே நாளில் லாபமாக ஏறுவதில்லை. 24 மாதங்களுக்குப் பகிர்ந்து ஏறுகிறது.

எப்படிப் பகிர்வது என்பதில்தான் வேறுபாடு. சம பாகமாகப் பிரித்தால் மாதத்திற்கு ஏறத்தாழ 5,333. நிலுவையில் இருக்கும் தொகைக்கு ஏற்பப் பிரித்தால் முதல் மாதம் ஏறத்தாழ 9,870, கடைசி மாதம் 460 அளவுதான். இரண்டிலும் மொத்தம் ஒன்றே. ஆனால் புதிதாக நிறைய முராபஹா கொடுத்து வேகமாக வளரும் வங்கி இரண்டாம் முறையில் கூடுதல் லாபம் காட்டும். வளர்ச்சி நின்றதும் அந்த லாபம் இளைக்கும். இரண்டாம் முறையின் கணிதம் வட்டிக் கடனின் கணிதத்தை ஒத்ததுதான்; கேட்பவரின் ஐயம் நியாயமானது. அதற்கு நேர்மையான விடை, வேறுபாடு கணிதத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதே. பொருள் வங்கியின் உடைமையில் இருந்த காலத்தில் அது சேதமானால் நட்டம் வங்கியைச் சேரும். விற்ற பிறகு, வாடிக்கையாளர் தாமதித்தாலும், 11,28,000 என்ற விலை ஏறாது. ஆகவே அந்த உடைமை உண்மையில் இருந்ததா, எத்தனை நாள் இருந்தது, சரக்காக ஏட்டில் ஏறியதா என்பவை வெறும் நுணுக்கங்கள் அல்ல. முராபஹா முன்பணமும் சரக்கும் தனி வரியாகக் காட்டப்படாமல் எல்லாமே “நிதி வழங்கல்” என்ற ஒரே தலைப்பில் கரைந்திருக்கும் அறிக்கை, வாசகருக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது என்பது என் கருத்து.

இஜாராவுக்கும் இதே சிக்கல்தானா?

ஓரளவுக்கு ஆம். இஜாரா என்பது வாடகை ஒப்பந்தம். காலம் முடிந்ததும் சொத்து வாடகைதாரருக்கு மாறும் வகையே வங்கிகளில் அதிகம். அயோஃபி மரபில் சொத்து வங்கியின் ஏட்டிலேயே இருந்து, தேய்மானம் கழிக்கப்பட்டு, வாடகை வருமானமாக வருகிறது. சர்வதேசத் தரநிலைகளின்படி அதே ஒப்பந்தம் நிதிக் குத்தகை என வகைப்படுத்தப்பட்டு, சொத்தின் இடத்தில் “வரவேண்டிய தொகை” வந்து அமர்கிறது. முதல் முறையில் வாடகை முழுவதும் வருமானமாகத் தெரிவதால் வருமானம் பெரிதாகவும், தேய்மானத்தால் செலவும் பெரிதாகவும் தோன்றும். செலவு–வருமான விகிதத்தை அப்படியே எடுத்து ஒப்பிட்டால் தவறான முடிவு கிடைக்கும். தேய்மானத்தை வாடகையிலிருந்து கழித்த பிறகே ஒப்பிட வேண்டும்.

என் முதலீட்டுக் கணக்கில் “இந்த ஆண்டு 3.135 விழுக்காடு லாபம்” என்று வருகிறது. அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது?

இந்தப் பக்கத்தில் மிகப் பயனுள்ள கேள்வி இதுதான். விடையைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

கணக்குதாரர்களின் பணம் 800, வங்கியின் சொந்தப் பணம் 200, இரண்டும் ஒரே நிதித் தொகுப்பில் கலந்து முதலீடு செய்யப்பட்டிருக்கின்றன. ஓராண்டில் அந்தத் தொகுப்பு 60 ஈட்டுகிறது. பகிர்வதற்கு முன் அதிலிருந்து 5-ஐ வங்கி “லாபச் சமநிலை ஒதுக்கம்” என்ற பெயரில் எடுத்து வைக்கிறது. மீதம் 55. அதில் கணக்குதாரர்களின் பணத்திற்குரிய ஐந்தில் நான்கு பங்கு 44. வங்கியின் சொந்தப் பணத்திற்குரியது 11. இனி அந்த 44-இலிருந்து, நிர்வகிப்பவர் என்ற முறையில் வங்கி தன் பங்கை எடுக்கிறது. ஒப்பந்த விகிதம் 60-க்கு 40 என்றால் வங்கிக்கு 17.6, கணக்குதாரர்களுக்கு 26.4. இந்த 26.4-இலிருந்து மேலும் 5 விழுக்காடு, அதாவது 1.32, “முதலீட்டு இடர் ஒதுக்கம்” என எடுத்து வைக்கப்படுகிறது. மிஞ்சிய 25.08-ஐ 800-ஆல் வகுத்தால் 3.135 விழுக்காடு.

ஒதுக்கம் எதுவும் இல்லாதிருந்தால் 60-இல் 48, அதில் 60 விழுக்காடு 28.8, அதாவது 3.6 விழுக்காடு கிடைத்திருக்கும். அதே ஆண்டில் வங்கி தன் 200-க்கு 11-உம் நிர்வாகப் பங்காக 17.6-உம் சேர்த்து 28.6 பெற்றிருக்கிறது; செயல்பாட்டுச் செலவுகளை இதிலிருந்துதான் அது சந்திக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கணக்குதாரருக்கு வரும் கடிதத்தில் 3.135 மட்டும்தான் இருக்கும். 60, 5, 40 விழுக்காடு, 1.32 ஆகிய நான்கும் ஆண்டறிக்கையின் பின்பகுதிக் குறிப்புகளில் இருக்க வேண்டியவை. இவற்றோடு, தொகுப்பின் மீது எந்தெந்தச் செலவுகள் ஏற்றப்பட்டன என்பதும் இருக்க வேண்டும். ஏனெனில் நேரடி முதலீட்டுச் செலவு எது, வங்கியின் சொந்த நிர்வாகச் செலவு எது என்ற எல்லைக்கோட்டைச் சற்றே நகர்த்தினாலும் யாருக்கும் தெரியாமல் ஒரு தரப்பிடமிருந்து மறு தரப்புக்குப் பணம் நகர்ந்துவிடும்.

அந்த இரண்டு ஒதுக்கங்களும் எதற்கு? அவை கணக்குதாரரை ஏமாற்றும் வேலை அல்லவா?

ஏமாற்றம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வெளிச்சம் இல்லாத இடத்தில் அவை ஏமாற்றமாக மாறக்கூடும்.

லாபச் சமநிலை ஒதுக்கம் பகிர்வுக்கு முன்பே எடுக்கப்படுவதால் அதில் இரு தரப்பின் பங்கும் இருக்கிறது. நல்ல ஆண்டில் சேர்த்து மெலிந்த ஆண்டில் கொடுப்பதற்காக அது வைக்கப்படுகிறது. முதலீட்டு இடர் ஒதுக்கமோ கணக்குதாரர்களின் பங்கிலிருந்து மட்டுமே எடுக்கப்படுகிறது. எதிர்காலத்தில் அவர்களுக்கு வரக்கூடிய நட்டத்தை ஈடுகட்ட வேண்டியது.

இவற்றின் தேவை சந்தைப் போட்டியிலிருந்து வருகிறது. மேற்கண்ட தொகுப்பு அடுத்த ஆண்டு 40 மட்டுமே ஈட்டுகிறது என்போம். ஒதுக்கம் எடுக்காமல் பகிர்ந்தாலும் கணக்குதாரர்களுக்கு 19.2, அதாவது 2.4 விழுக்காடுதான். அக்கம்பக்கத்து வங்கிகள் 3 விழுக்காடு தருகின்றன. ஒப்பந்தப்படி இஸ்லாமிய வங்கி எதற்கும் கடமைப்பட்டதல்ல. ஆயினும் பணம் வெளியேறும் என்ற அச்சத்தில், தன் நிர்வாகப் பங்கான 12.8-இலிருந்து 4.8-ஐ விட்டுக்கொடுத்து 24-ஆக்கி, 3 விழுக்காடு வழங்குகிறது. கணக்குதாரர் ஏற்க வேண்டிய இடர் இப்படிப் பங்குதாரரின் தோளுக்கு மாறுவதை “இடம்பெயர்ந்த வணிக இடர்” என்கிறார்கள். இஸ்லாமிய நிதிச் சேவைகள் வாரியத்தின் மூலதனப் போதுமைக் கணக்கில் ஆல்ஃபா என்ற ஒரு காரணி உண்டு. கணக்குதாரரே முழு இடரையும் ஏற்கிறார் என்றால் அது 0. நடைமுறையில் பங்குதாரரே முழுவதையும் ஏற்கிறார் என்றால் அது 1. உண்மை நிலை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும் என்பதை மேற்பார்வையாளர்களே ஒப்புக்கொண்ட எண் அது.

எனக்குக் கவலை தருவது ஒதுக்கம் அல்ல, தலைமுறை மாற்றம். முதல் ஆண்டு பணம் போட்டு 0.465 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தவர் இரண்டாம் ஆண்டு கணக்கை மூடிவிட்டுப் போய்விடலாம். மெலிந்த ஆண்டில் அந்த ஒதுக்கத்தைப் பெறுபவர் நேற்று வந்த வேறொருவர். பிரிந்து செல்பவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கணக்குத் திறக்கும் படிவத்திலேயே ஒரு விதி எழுதப்பட்டிருக்கும். ஷரீஆ அறிஞர்கள் அதை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தல் என்ற அடிப்படையில் ஏற்கிறார்கள். ஏற்கலாம்; ஆனால் விட்டுக்கொடுப்பவருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆண்டின் தொடக்க இருப்பு, சேர்த்தது, எடுத்தது, இறுதி இருப்பு என்ற நான்கு வரிகளும் இரண்டு ஒதுக்கங்களுக்கும் தனித்தனியே தரப்பட்டிருந்தால் அந்தத் தெளிவு கிடைத்துவிடும்.

முதலீட்டுக் கணக்குகள் இருப்புநிலைக் குறிப்பில் எந்தப் பக்கம் வரும்?

பொறுப்புகளுக்கும் பங்குதாரர் நிதிக்கும் நடுவே தனிப் பிரிவாக வைப்பது அயோஃபியின் வழி; அதன் முதலாம் தரநிலையின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்தப் பிரிவு “பங்கு மூலதனத்தை ஒத்த நிதி” என்ற கருத்தில் அமைந்துள்ளது. சர்வதேசத் தரநிலைகளில் அப்படி ஒரு நடுப்பிரிவு இல்லை. ஒன்று பொறுப்பு, இல்லையேல் பங்கு மூலதனம். கேட்டால் திருப்பித் தர வேண்டியது என்பதால் பெரும்பாலும் பொறுப்பாகவே காட்டப்படுகிறது. முதலீடு எதில் செய்யப்பட வேண்டும் என்று கணக்குதாரரே வரையறுக்கும் கணக்குகள் பல இடங்களில் இருப்புநிலைக் குறிப்புக்கு வெளியே வைக்கப்படுகின்றன.

மலேசியா 2013-இல் இயற்றிய இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் இந்தக் குழப்பத்தை வேரிலேயே பிரித்தது: அசலுக்கு உத்தரவாதம் உள்ளது வைப்பு, இல்லாதது முதலீட்டுக் கணக்கு. வாடிக்கையாளரிடம் அந்த வேறுபாட்டைச் சொல்லியே கணக்குத் திறக்க வேண்டியதாயிற்று. இது நல்ல முன்மாதிரி.

வாராக்கடனும் தாமதக் கட்டணமும் எப்படிக் காட்டப்படுகின்றன?

எதிர்பார்க்கப்படும் நட்டத்திற்கு முன்கூட்டியே ஒதுக்கீடு செய்யும் முறை 2018 முதல் சர்வதேசத் தரநிலைகளில் நடைமுறைக்கு வந்தது. அயோஃபியின் 30-ஆம் தரநிலையும் கடன் சார்ந்த வரவுகளுக்கு அதே அணுகுமுறையை எடுத்துள்ளது. ஆனால் இஸ்லாமிய வங்கிக்கு ஒரு கட்டுப்பாடு கூடுதல். தவணை தவறிய முராபஹாவின் காலத்தை நீட்டிக்கலாம்; அதற்காக விலையைக் கூட்ட முடியாது. எனவே காலம் நீட்டிக்கப்பட்ட ஒவ்வொரு ஒப்பந்தமும் வங்கிக்கு உண்மையான பொருளாதார இழப்பு.

தாமதத்திற்காக வசூலிக்கப்படும் தொகை, வாடிக்கையாளரை ஒழுங்குபடுத்தும் நோக்கில் விதிக்கப்படுவதாக இருந்தால், வங்கியின் வருமானத்தில் சேரக் கூடாது. அறப்பணி நிதிக்குப் போக வேண்டும். ஷரீஆவுக்குப் பொருந்தாத வழியில் தவறுதலாக வந்துவிட்ட வருமானமும் அப்படியே. இவற்றின் வரவும் செலவும் அறப்பணி நிதி அறிக்கையில் தெரிய வேண்டும். ஆண்டுதோறும் இந்தத் தொகை ஏறிக்கொண்டே போனால், ஒன்று தவணை வசூல் தளர்ந்திருக்கிறது, அல்லது ஷரீஆ மேற்பார்வை தளர்ந்திருக்கிறது. சிறிய வரிதான்; ஆனால் நான் ஆண்டறிக்கையைத் திறந்ததும் முதலில் தேடும் வரிகளில் ஒன்று.

இஸ்லாமிய வங்கிகள் செயல்திறனில் வழக்கமான வங்கிகளை விஞ்சுகின்றனவா?

ஒரே சொல்லில் விடை தர முடியாது. 2008 நெருக்கடியின்போது பல நாடுகளின் வங்கிகளை ஒப்பிட்டு, சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, முதல் அலையில் இஸ்லாமிய வங்கிகளின் லாபம் குறைவாகவே பாதிக்கப்பட்டது என்று கண்டது. நச்சுப் பத்திரங்களை அவை வாங்காததும், சொத்துப் பின்புலம் இல்லாத கடனுக்குள் செல்லாததும் காரணங்கள். ஆனால் 2009-இல் நெருக்கடி உண்மைப் பொருளாதாரத்திற்கும் நிலச்சொத்துச் சந்தைக்கும் பரவியபோது, சில நாடுகளில் இஸ்லாமிய வங்கிகளே கூடுதலாக இறங்கின. ஒரே துறையில் முதலீட்டைக் குவித்த இடர் மேலாண்மைக் குறையை அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. அதே நிதியத்தின் ஆய்வாளர்களுடைய இன்னோர் ஆய்வில், சிறிய இஸ்லாமிய வங்கிகள் சிறிய வழக்கமான வங்கிகளைவிட உறுதியாகவும், பெரியவற்றில் நிலைமை தலைகீழாகவும் காணப்பட்டது. வங்கி வளர வளர ஒப்பந்தங்களின் வகைகள் பெருகி, அவற்றைக் கண்காணிப்பது கடினமாகிறது என்பது இதற்குத் தரப்படும் பொருத்தமான விளக்கம்.

சொத்து மீதான வருவாய், பங்குதாரர் நிதி மீதான வருவாய், செலவு–வருமான விகிதம், வாராக்கடன் விகிதம் ஆகிய வழக்கமான அளவுகோல்கள் இங்கும் பயன்படும். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைவில் கொள்ள வேண்டும்: கணக்குதாரருக்குக் கொடுத்தது வட்டிச் செலவைப் போலக் கழிக்கப்பட்டதா, லாபப் பகிர்வாகக் காட்டப்பட்டதா என்பதைப் பொறுத்து நிகர லாபமே வேறுபடும். லாபச் சமநிலை ஒதுக்கத்திலிருந்து எடுத்து வழங்கிய ஆண்டில், கணக்குதாரர் பெற்ற விகிதம் அந்த ஆண்டின் செயல்திறனைக் காட்டாது. தொகுப்பு உண்மையில் ஈட்டிய விகிதத்தையும், கணக்குதாரருக்கு வழங்கிய விகிதத்தையும் ஐந்தாண்டுகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், நிர்வாகத்தின் திறமை எது, ஒதுக்கத்தின் தயவு எது என்பது தானே பிரிந்து தெரியும்.

லாபத்தை மட்டும் வைத்து அளப்பது போதுமா?

போதாது. மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் காப்பது ஷரீஆவின் நோக்கங்கள் என இமாம் கஸ்ஸாலி வகுத்தார். அந்த நோக்கங்களை அளவுகோலாக்க ஆய்வாளர்கள் பல விகிதங்களை முன்வைத்துள்ளனர்: ஊழியர் பயிற்சிக்கான செலவு, வட்டியில்லாக் கடனான கர்ளு ஹசனின் அளவு, உற்பத்தித் துறைகளுக்குச் சென்ற நிதியின் பங்கு போன்றவை. இவற்றுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே வாய்பாடு இல்லாததால், வங்கிகளை வரிசைப்படுத்த இவற்றைப் பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் ஒரே வங்கியை ஆண்டுக்கு ஆண்டு பார்க்க இவை நன்கு உதவும்.

எளிமையான ஓர் அளவு போதும் என்பவர் சொத்துப் பக்கத்தில் முதாரபா, முஷாரகா (எல்லாத் தரப்பும் முதல் போடும் கூட்டு) ஆகிய கூட்டு முயற்சி ஒப்பந்தங்களின் பங்கு எவ்வளவு, முராபஹாவின் பங்கு எவ்வளவு, தவர்ருக்கின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். தவர்ருக் என்பது பொருளைத் தவணைக்கு வாங்கி உடனே மூன்றாம் நபருக்கு ரொக்கத்திற்கு விற்றுப் பணம் திரட்டும் முறை. வங்கியே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து நடத்தும் தவர்ருக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (சட்டவியல்) அகாதமி 2009-இல் ஷார்ஜாவில் தீர்மானித்தது. சில நாடுகளின் ஷரீஆ குழுக்கள் இன்றும் அதை அனுமதிக்கின்றன. எந்த நிலைப்பாட்டை ஏற்பது என்பது வாசகரின் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்த, தவர்ருக் அறிக்கையில் தனி வரியாக இருக்க வேண்டும்.

ஷரீஆ மேற்பார்வைக் குழுவின் அறிக்கை ஒரு பக்கம்தானே, அதை நம்பலாமா?

அயோஃபியின் நிர்வாகத் தரநிலைப்படி குழுவில் குறைந்தது 3 அறிஞர்கள் இருக்க வேண்டும். ஒப்பந்தங்களை ஆராய்ந்ததாகவும், லாபப் பகிர்வும் நட்ட ஒதுக்கீடும் குழு ஏற்ற அடிப்படையில் நடந்ததாகவும், தடுக்கப்பட்ட வருமானம் அறப்பணிக்கு ஒதுக்கப்பட்டதாகவும், ஸகாத் (செல்வத்திலிருந்து ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மம்) கணக்கிடப்பட்டதாகவும் அவர்கள் சொல்ல வேண்டும். சொற்றொடர்கள் ஆண்டுதோறும் மாறாமல் வந்தால், விதிவிலக்காக ஒரு வரி எப்போது நுழைகிறது என்பதைக் கவனியுங்கள். உள் ஷரீஆ தணிக்கையாளர் யாருக்கு அறிக்கை அளிக்கிறார், நிர்வாகத்துக்கா குழுவுக்கா என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

இது வெறும் சமயச் சடங்கு அல்ல, நிதி இடர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2008 பிப்ரவரியில் அயோஃபியின் ஷரீஆ குழு, முதாரபா, முஷாரகா சுகூக்குகளை முதிர்வில் முக மதிப்புக்கே திரும்ப வாங்குவதாக நிர்வகிப்பவர் முன்கூட்டி உறுதியளிப்பது செல்லாது என்று தீர்மானித்தது. முதலீட்டாளர் நட்டமே ஏற்காத அந்த அமைப்பு கடன் பத்திரமாகிவிடுகிறது என்பதே காரணம். 2017-இல் ஷார்ஜாவைச் சேர்ந்த டானா கேஸ் நிறுவனம், தான் வெளியிட்ட ஏறத்தாழ 70 கோடி டாலர் சுகூக் ஷரீஆவுக்குப் பொருந்தாததால் சட்டப்படி செல்லாது என வாதிட்டு நீதிமன்றங்களுக்குச் சென்றது. 2018-இல் முதலீட்டாளர்களுடன் மறுசீரமைப்பு உடன்பாடு ஏற்பட்டது. பணம் போட்டவர்களைப் பொறுத்தவரை, ஷரீஆ இணக்கம் என்ற ஒரு குறிப்பே அவர்களுடைய முழு அசலையும் ஆட்டிவைத்தது.

பங்குதாரரும் கணக்குதாரரும் தங்கள் ஸகாத்தை இந்த அறிக்கையிலிருந்து கணக்கிட முடியுமா?

முடிய வேண்டும். சட்டமோ, நிறுவனத்தின் விதிமுறைகளோ, பொதுக்குழுத் தீர்மானமோ கட்டாயப்படுத்தினால் நிறுவனமே ஸகாத் செலுத்தும். இல்லையென்றால் ஒரு பங்குக்கு எவ்வளவு ஸகாத் என்பதைக் கணக்கிட்டு அறிவித்து, செலுத்தும் பொறுப்பைப் பங்குதாரரிடம் விடும். சந்திர ஆண்டுக்கு 2.5 விழுக்காடு; அறிக்கை சூரிய ஆண்டைப் பின்பற்றினால், 11 நாள் வேறுபாட்டை ஈடுசெய்ய 2.577 விழுக்காடு. நிகரச் சொத்து முறை, நிகர முதலீட்டு நிதி முறை என இரண்டு வழிகள் உண்டு. சொத்துப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் நிதிப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும், மதிப்பீடுகள் ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாகவே வர வேண்டும்.

அறிக்கையில் உள்ள “பங்குக்கு இவ்வளவு” என்ற எண், ஆண்டு வருமானத்திற்காகப் பங்கை நீண்டகாலம் வைத்திருப்பவருக்குப் பொருந்தும். விலை ஏறினால் விற்கலாம் என்று வாங்கியவருக்குப் பங்கு வணிகச் சரக்கு. அவர் ஸகாத் கடமையாகும் நாளின் சந்தை மதிப்பில் 2.5 விழுக்காடு கணக்கிட வேண்டும். முதலீட்டுக் கணக்குதாரருக்கோ நிறுவனம் பெரும்பாலும் எந்த எண்ணையும் தருவதில்லை. நிறுவனம் அவர் சார்பில் செலுத்த எழுத்துப்பூர்வ அதிகாரம் கொடுத்திருந்தால் தவிர, கணக்கிலுள்ள முதலுக்கும் வந்து சேர்ந்த லாபத்திற்கும் அவரே கணக்கிட்டுச் செலுத்த வேண்டும். ஒதுக்கத்தில் நிற்கும் பங்கு அவர் கைக்கு வராததால், அதற்குரிய ஸகாத்தை நிறுவனம் எப்படிக் கையாள்கிறது என்பதைக் கிளையில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது.